நேஷன்ஸ்டேட்ஸில் என் நாடு: நல்லதைத்தானே செஞ்சேன், எப்படிச் சர்வாதிகாரி ஆனேன்?

#1 ஒத்தக்கடை மன்னர்

வணக்கம் மக்களே. ஆட்டப் பகுதியில இதுவரைக்கும் கிரிக்கெட் பத்தி மட்டும்தான் எழுதியிருக்கேன். இது வேற சங்கதி.

மூணு வாரத்துக்கு முன்னாடி நேஷன்ஸ்டேட்ஸ்ங்கற இணைய ஆட்டத்துல ஒரு நாடு ஆரம்பிச்சேன். பேரு கூடல். கொடியில ரெட்டை மீன், தேசிய விலங்கு காளை, நாணயம் காசு, குறிக்கோள் வாசகம் "வெள்ளன எந்திரி". ஆரம்பத்துல ஒரு கேள்வித்தாள் குடுத்தாங்க, நல்ல பிள்ளையா பதில் சொன்னேன். உடனே அம்பது லட்சம் சனத்தைத் தூக்கி மடியில வச்சுட்டாங்க. காசு பணம் எதுவும் கேக்கல, பிரவுசர்லயே ஓடுது.

அப்புறம் தினமும் பிரச்சினைகள் வருது. ஒவ்வொண்ணுலயும் ரெண்டு மூணு பேர் வந்து நின்னு ஆளுக்கொரு யோசனை சொல்லுவாய்ங்க. நாட்டுக்கு எது நல்லதோ அதைத்தான் அழுத்தினேன். ஓட்டுப் போடுறது கட்டாயம். சூதாட்டம் தடை. படிப்பு இலவசம், வைத்தியம் இலவசம். ஊரைக் கெடுக்குற ஆலைகளுக்குப் பூட்டு. ஒரு பயலையும் சிறையில போடணும்னு நெனச்சதில்ல.

பதினாறாம் நாள் பாத்தா என் நாட்டோட வகை "ஃபாதர் நோஸ் பெஸ்ட் ஸ்டேட்"னு மாறிக் கெடக்கு. அப்பா சொன்னா சரி அரசு! வீட்டுல படிச்சுக் காட்டுனேன். "இதுக்கு ஆட்டம் வேறயா, இங்கிட்டும் அதானே நடக்குது"ன்னுட்டு வெங்காயம் உரிக்கப் போயிட்டா. நேத்து ராத்திரி தொறந்தா "சைக்காட்டிக் டிக்டேட்டர்ஷிப்", வெறி புடிச்ச சர்வாதிகாரம். பொருளாதாரத்துக்கு நேரா "இம்ப்ளோடட்"னு, அதாவது நொறுங்கிப் போச்சுன்னு போட்டிருக்கு.

எங்க தப்பு பண்ணுனேன்? தெரிஞ்ச அண்ணன்மார் சொல்லுங்க.

#2 ஜிகர்தண்டா ரெண்டு ஸ்பூன்

மன்னா, ஆலையை மூடிட்டு வைத்தியத்தை இலவசமாக்குனா டாக்டருக்குச் சம்பளம் காளையா குடுக்கும்?

#3 யானைமலை

தம்பி, 2009-ல இருந்து ஆடுறேன். பைய சொல்றேன், கேளுங்க.

இந்த ஆட்டத்தை ஆரம்பிச்சவர் மேக்ஸ் பேரின்னு ஒரு ஆஸ்திரேலிய எழுத்தாளர். 2002 நவம்பர் 13-ல திறந்தாரு. அடுத்த வருஷம் வரப்போற அவரோட நாவலுக்கு விளம்பரமாத்தான் செஞ்சது. நாவல் பேரு ஜெனிஃபர் கவர்ன்மென்ட், எல்லாத்தையும் கம்பெனிகள் ஆளுற உலகம் பத்தினது. ஆக இதை நையாண்டியாத்தான் படிக்கணும். நீங்க எந்தப் பக்கம் எட்டு வச்சாலும் அதைக் கடைசி வரைக்கும் இழுத்துட்டுப் போய்க் காட்டும். உங்க நாட்டுப் பக்கத்துல கடைசியா போட்ட நாலு சட்டத்தோட விளைவை ஒவ்வொரு வரியா எழுதியிருக்கும் பாருங்க. அதைப் படிச்சா உங்களை எப்படி எடுத்துக்கிட்டாங்கன்னு தெரியும்.

உள்ள ஓடுற கணக்கு ஏகப்பட்டது இருக்கு. ஆனா வகைப்பேரு வர்றது மூணே மூணு அளவுலதான். குடிமை உரிமை, பொருளாதாரம், அரசியல் சுதந்திரம். ஒவ்வொண்ணுக்கும் உயரம், நடுத்தரம், தாழ்வுன்னு மூணு படி. மூணு முறை மூணால பெருக்குங்க, 27. மொத்த வகையும் 27தான். உங்களுக்கு மூணும் தரையில கெடக்கு, அதான் அந்தப் பேரு.

சூதாட்டத்தைத் தடை பண்ணுறப்ப சூதாட்டத் தொழில் பூஜ்யம் ஆகுது, அதோட ஒரு உரிமையும் போகுது. ஆலையை மூடுறப்ப அடுத்த தொழிலும் போகுது. இலவசம் குடுக்குறப்ப வரி ஏறுது. எதையும் "நல்ல எண்ணத்தோட செஞ்சது"ன்னு தனிப் பத்தியில எழுதிக்கிறது கிடையாது. ஒரு தடை மேல இன்னொரு தடையா நீங்க அடுக்குனது இருபது முப்பது இருக்கும். ஒண்ணொண்ணாப் பாத்தா எல்லாம் நியாயம். மொத்தமாப் பாத்தா இந்தப் பேருதான் வரும்.

சனத்தொகை மட்டும் நீங்க என்ன பண்ணாலும் ஏறிக்கிட்டே இருக்கும். அதை வச்சு ஏமாறாதீங்க.

#4 ஒத்தக்கடை மன்னர்

அண்ணே, இப்படி ஒரு ஆளு வெளக்குவாருன்னு தெரிஞ்சிருந்தா மொத நாளே கேட்டிருப்பேன். கட்டாய ஓட்டு கூடவா உரிமையைக் கெடுக்கும்? சனநாயகத்துக்கு நல்லதுதானே அது?

#5 சுங்குடி

நானும் இதுல இருக்கேன், சின்ன நாடு. பேரைச் சொல்ல மாட்டேன், சிரிப்பீங்க.

கட்டாய ஓட்டு விஷயத்துல எனக்கும் ஆரம்பத்துல இதே கோபம் வந்துச்சு. ஆட்டத்தை எழுதுனவரோட ஊர்லயே, ஆஸ்திரேலியாவுல, 1924-ல இருந்து நாடாளுமன்றத் தேர்தல்ல ஓட்டுப் போட்டே ஆகணும். சரியான காரணம் இல்லாம போடலைன்னா 20 டாலர் அபராதம். அங்க யாரும் அதைச் சர்வாதிகாரம்னு சொல்றதில்லையே. ஆனா உரிமைன்னு பாத்தா, வீட்டுல படுத்துக் கெடக்குறதும் ஒரு உரிமைதானே? ஆட்டம் அதை எண்ணிப் பாக்குது, அவ்வளவுதான். அந்த ஒரு சட்டத்தால மன்னர் கவிழல. அது பின்னாடி வந்த பத்தொன்பது சட்டம்தான் கவுத்துச்சு.

#6 தெப்பக்குளம் பெரியவர்

நண்பர்களுக்கு வணக்கம். நான் வருவாய்த் துறையில் எழுத்தராகச் சேர்ந்து ஓய்வு பெற்றவன். என் பேரன் இந்த இழையைக் காட்டினான். ஆட்டம் எனக்குத் தெரியாது. ஆனால் உத்தரவு என்றால் என்ன என்று கொஞ்சம் தெரியும்.

கட்டாய ஓட்டு நம் நாட்டிலும் வந்து பார்த்தது. குஜராத்தில் உள்ளாட்சித் தேர்தலுக்கு அப்படி ஒரு சட்டத்துக்கு 2014-இல் ஆளுநர் ஒப்புதல் தந்தார். 2015-இல் உயர் நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. மன்னரின் நாட்டில் நிறுத்தி வைக்க யாரும் இல்லை போலிருக்கிறது.

நான் சொல்ல வந்தது வேறு. நீங்கள் பொத்தானை அழுத்திய கணத்தில் ஐம்பது லட்சம் பேரும் கீழ்ப்படிந்து விடுகிறார்கள். இது எந்த ஊர் நடைமுறை? ஓர் உத்தரவு கோட்டை வாசலைத் தாண்டி, ஆட்சியர் அலுவலகம் வந்து, வட்டாட்சியர் மேசையில் கிடந்து, கிராம நிர்வாக அலுவலர் கைக்குப் போய், அவர் தலையாரியிடம் சொல்லி, தலையாரி டீக்கடையில் சொல்லும்போது அது வேறு உத்தரவாக இருக்கும்.

ஒலிபெருக்கியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெளியில் வைத்து அலறவிடக் கூடாது. ஆனால் அந்த விதியிலேயே ஒரு சந்து வைத்தார்கள். பண்டிகை, விழாக்களுக்காக ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல், இரவு 12 மணி வரை மாநில அரசு தளர்த்தலாம். அந்தப் பதினைந்து நாள் இல்லையென்றால் ஆடி மாதத்தில் மதுரையில் எந்தக் காவலரும் வேலை பார்க்க முடியாது. உங்கள் ஆட்டத்தின் யோசனைகளில் அந்தப் பதினைந்து நாள் இல்லை. அதனால்தான் மன்னர் சர்வாதிகாரி ஆனார் என்பது என் தாழ்மையான கருத்து.

#7 ஜிகர்தண்டா ரெண்டு ஸ்பூன்

ஐயா சொன்ன தலையாரி வரிக்காகவே இந்த இழையைச் சேமிச்சு வச்சுக்கிறேன்.

எங்க தெருவுல அந்தப் பதினஞ்சு நாள் ஆடி மாசத்துலயே முடிஞ்சுருது. மிச்ச வருஷத்துக்கு யாருகிட்ட கடன் வாங்குறாய்ங்கன்னு தெரியல.

#8 மேலூர்க்காரி

பெரியவர் மேல மரியாதை உண்டு. ஆனா விதியில விட்ட அந்தச் சந்து வழியை இவ்வளவு பிரியமாப் பாக்க என்னால முடியல.

சந்து யாருக்குத் திறந்திருக்குன்னு ஒரு கேள்வி இருக்குல்ல? உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, அப்புறம் நாட்டார்மங்கலம். 1996-ல ஊராட்சித் தலைவர் பதவி அங்க பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கீடு ஆச்சு. காகிதத்துல சட்டம் பளபளன்னு இருந்துச்சு. ஆனா வேட்புமனு போட ஆள் வரமாட்டாங்க, இல்ல வரவிட மாட்டாங்க. போட்டு ஜெயிச்சாலும் உடனே ராஜினாமா. தேர்தல் அறிவிப்பு வரும், போகும். 2006 அக்டோபர்லதான் ஒழுங்கா தேர்தல் நடந்து தலைவர்கள் நாற்காலியில உக்காந்தாங்க. பத்து வருஷம்!

அந்தப் பத்து வருஷமும் ஐயா சொன்ன அதே பாதைதான். கோட்டை, ஆட்சியர், வட்டாட்சியர், தலையாரி, டீக்கடை. வழியில எங்கெங்கயோ உத்தரவு நைஞ்சு போச்சு. அது நைஞ்சு போனதுல யாருக்கு லாபம்னு உங்களுக்கே தெரியும்.

அழுத்துனா அப்படியே நடக்குற நாடு ஒண்ணு இருந்தா, அதுல ஒரே ஒரு பொத்தானை அழுத்தணும்னு எனக்கு ஆசையா இருக்கு.

#9 யானைமலை

இதுக்கு மேல ஆட்டத்தைப் பத்தி எழுதவே கூச்சமா இருக்கு. ஆனாலும் ஒண்ணு. பெரியவர் சொல்றது ஆட்டத்தோட குறை, மேலூர்க்காரி சொல்றது அதே குறையோட பலன். ஒரு சட்டத்தை அது நூத்துக்கு நூறு நடந்தா எப்படி இருக்கும்னு பாக்க வேற எங்கயும் வழி இல்ல. நம்ம ஊர்ல சட்டம் போடுறவங்களும் "எப்படியும் முழுசா நடக்காது"ங்கற தைரியத்துலதான் பல சட்டத்தை அம்புட்டுக் கடுமையா எழுதுறாங்களோன்னு எனக்கு ஒரு சந்தேகம்.

#10 தெப்பக்குளம் பெரியவர்

மேலூர் அம்மா எழுதியதை இரண்டு முறை படித்தேன். அந்த ஆண்டுகளில் நான் பணியில் இருந்தேன், அந்த வட்டத்தில் இல்லை. ஆனால் "இன்றைய தேதி வரை மனு ஏதும் வரவில்லை" என்ற வாக்கியத்தை வேறு கோப்புகளில் நானே என் கையால் எழுதியிருக்கிறேன். ஏன் வரவில்லை என்று எழுதுவதற்கு அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது.

பதினைந்து நாள் விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. இதில் நீங்கள் சொல்வது சரி.

#11 ஒத்தக்கடை மன்னர்

நான் ஏதோ விளையாட்டாக் கேட்டேன், இழை எங்கிட்டோ போயிருச்சு. நல்லாத்தான் இருக்கு, போகட்டும்.

அண்ணே, இன்னொரு சந்தேகம். நாம எல்லாரும் மதுரைக்காரங்க, நம்ம நாடுகளைச் சேத்து ஒரு மண்டலம் ஆரம்பிச்சா என்ன? நான் வேணா அஞ்சு நாடு தொறந்து அஞ்சையும் உலக சபையில சேத்துடுறேன். என்டார்ஸ்மென்ட்டை, அதான் ஒரு நாடு இன்னொண்ணுக்குக் குடுக்குற ஆதரவை, எனக்கு நானே குடுத்துக்கலாம்.

#12 யானைமலை

சேத்தீங்கன்னா தூக்கிருவாங்க. நாடு எத்தனை வேணா வச்சுக்கலாம், உலக சபையில ஒரு ஆளுக்கு ஒரே நாடு. கள்ள ஓட்டுக்கு அங்க ரொம்பக் கெடுபிடி. முன்ன அந்தச் சபைக்கு ஆட்டத்துல ஐ.நா.ன்னே பேரு. 2008-ல நிஜ ஐ.நா. சபை "எங்க பேரை எடுங்க"ன்னு கடிதம் அனுப்ப, அந்த ஏப்ரல் ஒண்ணாம் தேதி உலக சபைன்னு மாத்திட்டாங்க. ஐ.நா. சொன்ன பேச்சைச் சட்டுன்னு கேட்ட நாடுகள் அம்புட்டும் கற்பனை நாடுகள்தான்.

மண்டலம் ஆரம்பிக்கிற ஆசை எங்களுக்கும் இருந்துச்சு. பத்து வருஷத்துக்கு முந்தின கதை, இப்ப விதிகள் கொஞ்சம் மாறிருச்சு. இருந்தாலும் சொல்றேன், கத்துக்கறதுக்கு ஆகும்.

கல்லூரிக் கூட்டாளிக பதினாலு பேர் சேந்து ஒரு மண்டலம் வச்சிருந்தோம். மண்டலத்துக்குத் தலைவர் மாதிரி ஒரு டெலிகேட் உண்டு. உலக சபையில இருக்குற நாடுகள் ஒண்ணுக்கொண்ணு என்டார்ஸ் பண்ணிக்கணும், யாருக்கு அதிகமோ அவரு டெலிகேட். எனக்கு ஆறு இருந்துச்சு, நான்தான். மண்டலத்தை ஆரம்பிச்சவன் திருப்பூருக்கு வேலைக்குப் போனவன் ஆட்டத்தையே மறந்துட்டான். 28 நாள் உள்ள வரலைன்னா நாடு செத்துப்போகும். அவன் நாடு செத்துச்சு, மண்டலத்துக்குக் காவல் போச்சு. புதுசா ஆள் வரட்டும்னு கடவுச்சொல்லையும் நாங்களே எடுத்து விட்டுருந்தோம். கதவில்லாத வீடு.

இங்க ஒரு நுணுக்கம் இருக்கு. டெலிகேட் யாருன்னு ஆட்டம் எண்ணுறது ஒரு நாளைக்கு ரெண்டே தடவை. அமெரிக்கக் கிழக்குக் கரை நேரப்படி நள்ளிரவு ஒண்ணு, நடுப்பகல் ஒண்ணு. நமக்குக் கோடையில காலை ஒன்பதரை, ராத்திரி ஒன்பதரை. அங்க கடிகாரத்தைத் திருப்பி வச்சுட்டா பத்தரை. எண்ணுறதும் ஒவ்வொரு மண்டலமா வரிசையா வரும். உங்க முறை எப்ப வரும்னு, மண்டலத்தைப் புடிக்க வர்ற நல்ல ரெய்டருங்க நொடிக்கணக்குல கணிச்சு வச்சிருப்பாய்ங்க. அதுக்குச் சில நொடி முன்னாடி கும்பலா உள்ள குதிச்சு, தங்கள்ல ஒருத்தனுக்கு எல்லாரும் என்டார்ஸ் போட்டுட்டா முடிஞ்சுது. நீங்க கண்ணை மூடித் தொறக்குறதுக்குள்ள வீடு அவன் பேர்ல.

அன்னைக்கு எதிர்சேவை. மூன்றுமாவடியில அழகரைக் கும்பிட்டு, கூட்டத்தோட கூட்டமா தல்லாகுளம் வந்து சேந்தோம். எங்கம்மா சொம்புல சர்க்கரை வச்சுச் சூடம் ஏத்துது. போன்ல சிக்னல் சுத்தமா இல்ல. ஒன்பதரைக்கு எங்க மண்டலத்துக்குள்ள ஒன்பது நாடு குதிச்சிருக்கு. எனக்கு எதுவும் தெரியாது. விடிய விடிய முழிச்சு, அழகர் ஆத்துல எறங்குறதைப் பாத்துட்டு, தண்ணி பீய்ச்சுறதுல தொப்பலா நனைஞ்சு வீட்டுக்கு வந்து தொறக்குறேன். கொடி வேற, அறிமுகப் பக்கத்துல எங்களைக் கிண்டல் பண்ணி நாலு வரி. என் நாடு ரிஜெக்டட் ரெல்ம்ஸ்ல கெடக்கு. மண்டலத்துல இருந்து துரத்துன நாடுக போய் விழுற எடம் அது. ஊரே ஆத்துக்குள்ள சாமி கும்பிட்டுக்கிட்டு இருந்தப்ப நான் ஊர்விலக்கம் ஆகியிருக்கேன்.

#13 சுங்குடி

மிச்சத்தை நான் சொல்றேன். துரத்துறதுக்குச் செல்வாக்குப் புள்ளி செலவாகும். வந்தவங்ககிட்ட அது கம்மி, அதனால சில பேரை மட்டும் வெளிய தள்ளுனாங்க. என் நாட்டை யாரும் கண்டுக்கல. நாலு நாள் கழிச்சு, இந்த மாதிரி மண்டலங்களை மீட்டுக் குடுக்குறதையே பொழுதுபோக்கா வச்சிருக்கிற ஒரு கூட்டம் யானைமலை கேட்டுக்கிட்டபடி வந்துச்சு. அவங்க செஞ்சதும் அதே வேலைதான். கடைசி நொடியில குதிச்சு என்டார்ஸ். ஆனா உள்ளூர் நாடு ஒண்ணுக்குத்தான் போடணும். மிச்சம் இருந்ததுல சபை உறுப்பினர் நான் ஒருத்திதான்.

காலையில இட்லிக்கு மாவு எடுத்துட்டு வந்து போனைப் பாக்குறேன், நான் டெலிகேட். எனக்கு எந்தப் பொத்தான் எங்க இருக்குன்னே தெரியாது. மொத வேலையா யானைமலை மேல இருந்த தடையை எடுக்கணும். தேடிக் கண்டுபிடிக்கிறதுக்குள்ள மத்தியானம் ஆயிருச்சு.

#14 யானைமலை

மத்தியானம் இல்ல, மறுநாள். அந்த ஒரு நாள் ஆட்சியைச் சுங்குடி இன்னைக்கு வரைக்கும் சொல்லிக் காட்டுது.

#15 ஜிகர்தண்டா ரெண்டு ஸ்பூன்

நான் உள்ள வரேன். நாட்டுப் பேரு ஜிகர்தண்டா, நாணயம் ஸ்பூன். ஆனா சித்திரைத் திருவிழா நேரத்துல காவலுக்கு ஒரு ஆள் போடணும். வெளியூர்ல இருக்குறவன் யாராச்சும் பாத்துக்கட்டும், நமக்கு அன்னைக்குச் சோலி இருக்கு.

#16 மேலூர்க்காரி

நானும் ஆரம்பிச்சுட்டேன். மொத நாளே வந்த பிரச்சினையில மூணு யோசனையும் மட்டம். எதையும் எடுக்காம விட வழி இருக்கா?

#17 யானைமலை

டிஸ்மிஸ்னு ஒரு பொத்தான் இருக்கும். தள்ளிவிட்டா எதுவும் மாறாது, நல்லதும் இல்ல கெட்டதும் இல்ல. மன்னரும் கொஞ்ச நாளைக்கு அதையே பண்ணுங்க. மீளணும்னா உரிமையைத் திருப்பிக் குடுக்குற யோசனை வர்றப்ப மட்டும் எடுங்க. ஒரே ராத்திரியில மாறாது, ஏறுன மாதிரியேதான் எறங்கணும்.

#18 ஒத்தக்கடை மன்னர்

சரிண்ணே. இன்னைக்கு ரெண்டைத் தள்ளிட்டேன், ஒண்ணை எடுத்தேன். சூதாட்டம் இன்னும் தடையிலதான் இருக்கு, அதை மட்டும் கேக்காதீங்க. எங்க சித்தப்பா ஒருத்தர் சீட்டாட்டத்துல வீட்டையே தொலைச்சவரு. சைக்காட்டிக்னு சொன்னாலும் பரவாயில்ல.

#19 தெப்பக்குளம் பெரியவர்

பேரன் உதவியுடன் நானும் ஒரு நாடு தொடங்கியிருக்கிறேன். பெயர் நிலுவை. இரண்டு நாளாக எதிலும் கை வைக்கவில்லை, டிஸ்மிஸும் செய்யவில்லை. ஐந்து கோப்புகள் வந்து நிற்கின்றன. நேற்றிரவிலிருந்து ஆறாவது வரவில்லையே, ஏதும் பழுதா?

#20 யானைமலை

பழுது இல்லைங்கய்யா. ஆறு மணி நேரத்துக்கு ஒண்ணு வரும், ஆனா அஞ்சுக்கு மேல சேராது. ஒண்ணையாவது முடிச்சாத்தான் அடுத்தது.

#21 தெப்பக்குளம் பெரியவர்

இத்தனை வருடப் பணியில் இப்படி ஒரு விதி நான் கேள்விப்பட்டதே இல்லை. எங்கள் அலுவலகத்தில் மட்டும் இருந்திருந்தால் ஜமாபந்திக்கு முந்தின வாரம் நாங்கள் வீட்டுக்குப் போயிருப்போம்.

சரியென்று மேலே இருந்த முதல் கோப்பைத் திறந்தேன். வாக்களிப்பதைக் கட்டாயமாக்கலாமா என்று கேட்கிறது. அரை மணி நேரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பேரன் "தள்ளிவிடு தாத்தா" என்கிறான்.